களை, சீனி, கடைசிக் காட்சி

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நாடகத்துக்கு ஒதுக்கிய நேரம் பிற்பகல் மூன்று மணி. காலையில் பால்குடமும் காவடியும். பன்னிரண்டு மணிக்கு அன்னதானம். ஆறு மணிக்கு ரதம் கிளம்பியாக வேண்டும். நடுவில் மிச்சமாகும் நேரத்தை, போனால் போகிறது என்று எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். கேமரன் மலையில் ஒரு வாரம் தங்கியவருக்கும் தெரியும், மூன்று மணி மழைக்குச் சொந்தமான நேரம்.

மேடைக்குத் தகரக் கூரை உண்டு. பார்க்க வருகிறவர்களுக்குத்தான் ஒன்றும் கிடையாது. முதல் காட்சியில் இருட்டிக்கொண்டு வரும். இரண்டாம் காட்சியில் தூறும். மூன்றாம் காட்சியில் சனங்கள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு லயத்து வீடுகளைப் பார்த்து ஓடுவார்கள். கடைசிக் காட்சியை நாங்கள் நனைந்த புல்லுக்கு நடித்துக் காட்டுவோம். பதினோரு வருடம், பதினோரு நாடகம். ஒன்றின் முடிவைக்கூட எங்கள் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை.

நேரத்தை மாற்றித் தரும்படி கோயில் கமிட்டியிடம் கேட்காமல் இல்லை. அம்மனுக்கு வகுத்த நேரத்தை நாடகத்துக்காக மாற்றுவதா என்று தலைவர் திருப்பிக் கேட்டார். வேறு இடம் என்றால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை ஒன்றுதான். அதில் முப்பது பேர் உட்கார்ந்தால் முப்பத்தோராவது ஆள் ஜன்னலில் தொங்க வேண்டும். ஒத்திகைக்கு அது போதும், நாடகத்துக்குப் போதாது.

நான் தோட்ட ஆபீசில் கிராணி. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்குப் பிரிப்பது, லீவு பாரம் நிரப்புவது, துரைக்கு வரும் மலாய்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. வந்த புதிதில் பொம்பளைக் கிராணி என்று சொல்லிச் சிரித்தார்கள். இப்போது வெறும் கிராணி. நாடகம் எழுதுவது எனக்குப் பிடித்த கிறுக்கு. என் மலாய் சுத்தமானது என்பதிலும் என் தமிழ் அதைவிடச் சுத்தமானது என்பதிலும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இந்தக் கதையில் அது எங்கே போய் இடித்துக்கொண்டது என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.

எங்கள் நாடகத்தில் எப்போதும் முக்கிய வேஷம் கட்டுகிறவர் கொழுந்து வெட்டும் ஓர் அக்கா. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒரு சரிவில் நின்று எதிர்ச் சரிவில் இருப்பவரோடு குடும்பச் சண்டை போடக்கூடிய குரல் அவருக்கு. மைக் வாடகைக்கு எடுப்போம், அவர் பேசும்போது அணைத்துவிடுவோம். அந்த வருடக் கடைசியில் அவருக்கு அறுபது முடிகிறது. வேலை முடிந்தால் லயத்து வீட்டை விட்டுவிட்டு ஈப்போவில் மகளோடு போய் இருக்கப்போகிறார். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், குளிர் இல்லை, மூட்டு வலிக்கு நல்லது. ஒரே ஒரு குறைதான்.

ஒருநாள் ஆபீஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அதைச் சொன்னார். "ஒரு தடவையாச்சும் முடிச்சிட்டுப் போறேன் கிராணி. பாதியில எந்திரிச்சிப் போறதப் பாத்துப் பாத்து, நான் நல்லா நடிக்கிறனா இல்லையான்னே எனக்குத் தெரியல. முழுசாப் பாத்துட்டு நாலு பேரு சொல்லட்டும்."

மழையிடம் யார் பேசுவது? அந்த நேரத்தில்தான் தேர்தல் வந்தது.

தேர்தல் வந்தால் எங்கள் மலைக்கு ஒரு களை வந்துவிடும். ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரைக்கும் கொடிகள். வேட்பாளர்கள் தோட்டத்துக்குள் நுழைந்து, அதுவரை கேட்காத சுகத்தையெல்லாம் விசாரிப்பார்கள். சனங்கள் ரோடு கேட்பார்கள், தண்ணீர் கேட்பார்கள், தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் கேட்பார்கள். அக்காவோ, இந்த முறை கூரையைக் கேட்போம் என்றார்.

நான் அதைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். கூரை என்று கேட்டால் நாலு தகரத்தைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்; கலைக்கும் பண்பாட்டுக்கும் உங்கள் கொள்கை என்ன என்று கேட்க வேண்டும், அப்போதுதான் நம்மை மதிப்பார்கள் என்று விளக்கினேன். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது. அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொள்கையத் தலைக்கு மேல புடிச்சா நனையாம இருப்பமா?" என்றார். ஆனாலும் ஒத்துக்கொண்டார். கேள்வியை அவரே கேட்பது என்று முடிவானது. குரல் அவருடையது அல்லவா.

முதல் வேட்பாளர் மலாய்க்காரர், நல்ல மனிதர். பனி விலகாத காலையில் பெரட்டுக்களத்துக்கே வந்துவிட்டார். தமிழில் கேட்பதை மலாயில் சொல்ல ரிங்லெட்டிலிருந்து ஒரு தமிழரைக் கூட்டி வந்திருந்தார். தண்ணீர், ரோடு எல்லாம் முடிந்ததும் அக்கா முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, மலை அதிரக் கேட்டார்.

"கலைக்கு ஒங்க கட்சி என்னா செய்யும்?"

மொழிபெயர்த்தவர் ஒரு நொடி யோசித்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்தான் அவரும். பெரட்டுக்களத்தில் காலை ஆறரை மணிக்கு அந்தச் சொல்லை அவர் வாழ்நாள் முழுவதும் ஒரே பொருளில்தான் கேட்டிருப்பார்: களை எடுக்கிறவர்கள் இந்தப் பக்கம், களை மருந்து அடிக்கிறவர்கள் அந்தப் பக்கம். எங்கள் வாயில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் பெரிய சண்டை கிடையாது. அவர் வேட்பாளரின் காதருகே குனிந்து, ரும்பாய் என்றார். புல் பூண்டு, களை.

நான் பெயர்ப் புத்தகத்தோடு பின்னால் நின்றேன். எனக்குப் புரிவதற்குள் வேட்பாளர் பேசத் தொடங்கிவிட்டார். களைமருந்து எவ்வளவு கெடுதல், அடிக்கிறவர்களுக்கு முகமூடி வேண்டும், நல்ல கிளவ்ஸ் வேண்டும், நாடாளுமன்றத்தில் இதைப் பற்றி நிச்சயம் கேட்பேன் என்று உருக்கமாகப் பேசினார். மருந்தடிக்கிறவர்கள் பலமாகக் கைதட்டினார்கள். துரையும் அங்கேதான் நின்றார். அடுத்த வாரம் ஸ்டோரில் புது கிளவ்ஸ் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. கலையைக் கேட்டதால் எங்கள் தோட்டத்துக்கு ஒரு நன்மை நடந்தது என்றால் அதுதான்.

அக்காவை நான் கடிந்துகொண்டேன். நாக்கை உள்ளே மடிக்காமல் சொல்லுங்கள் என்று ஆயாக் கொட்டகையில் வைத்துச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக் கொடுத்தேன். அவர் சொல்லிக் காட்டினார். சுத்தமாகத்தான் வந்தது. தான் சரியாகத்தான் சொன்னதாகவும் அந்த ஆளின் காதில்தான் களை பிடித்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவது வேட்பாளர் தமிழர். பிரிஞ்சாங்கில் காய்கறி லோரி ஓட்டி முன்னுக்கு வந்தவர். இப்போது சொந்தமாகச் சில லோரிகள் வைத்திருக்கிறார். அவருடைய செராமா, அதாவது பிரசாரக் கூட்டம், சாயங்காலம் ஆயாக் கொட்டகையில் நடந்தது. முப்பது பேர் உள்ளே, மற்றவர்கள் ஜன்னலில். கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். தேத்தண்ணீர் ஊற்ற ஆள் போதாமல் நான் அந்தப் பக்கம் போன சமயத்தில் அக்கா தானே சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவர் அதில் ஒரு மாற்றம் செய்திருந்தார். கலை என்றால் களை ஆகிவிடுகிறது. அரசாங்கத்திடம் கேட்பதை அரசாங்கத்துச் சொல்லில் கேட்டால்தான் புரியும் என்று நினைத்து, கலைக்கு உரிய மலாய்ச் சொல்லைப் போட்டிருந்தார். அந்தச் சொல் செனி. அக்கா அதை ரேடியோவில் காதால் கேட்டவரே தவிர எழுத்தில் பார்த்தவர் இல்லை. காதில் விழுந்தபடி தமிழில் எழுதியிருந்தார்.

வேட்பாளர் மலாய்ப் பள்ளியில் படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். சீட்டை விரித்துப் பிடித்து, மைக்கில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். "சீ... னிக்கு... ஒங்க கட்சி என்னா செய்யும்?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்கு அவரிடம் வந்ததிலேயே அவருக்குப் பதில் தெரிந்த முதல் கேள்வி அது. சீனி கடையில் சில வாரம் கிடைப்பதில்லை, கிடைத்தால் ஆளுக்கு இரண்டு பாக்கெட்தான் என்கிறார்கள், சாதாரணக் குடும்பம் என்ன செய்யும் என்று ஆரம்பித்தார். அங்கிருந்து சீனி நோய்க்குத் தாவி, தோட்டத்துக்குத் தோட்டம் இரத்தம் சோதிக்க வண்டி வர வேண்டும் என்றார். பெண்கள் தலையாட்டினார்கள். ஜன்னலில் தொங்கிய ஒரு தாத்தா, பனங்கற்கண்டுக்கும் ஏதாவது செய்யுங்கள் என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. தேத்தண்ணீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அது சீனி இல்லை ஐயா, செனி. ஆட்டம், பாட்டு, நாடகம், இதற்கெல்லாம் உங்கள் கொள்கை என்ன என்று எழுந்து நின்று கேட்டேன். கொட்டகை கொல்லென்று சிரித்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் எதிரில் அவரைத் திருத்தியிருக்க வேண்டாம் என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான்.

வேட்பாளரும் சிரித்தார். "நான் லோரிக்காரன்மா. எனக்கு சீனிதான் தெரியும், செனி தெரியாது. நாடகத்துல ஒங்களுக்கு என்னா பிரச்சன, அதச் சொல்லுங்க."

நான் கொள்கையைப் பற்றி ஆரம்பிக்கப் போனேன். அக்கா நிமிர்ந்து என்னை முந்திக்கொண்டார். "மழ வந்துருது. கடைசிக் காட்சிய யாருமே பாத்ததில்ல."

வேட்பாளர் அதே சீட்டின் பின்பக்கம் ஏதோ எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சட்டைப் பைக்குள் போகிற சீட்டெல்லாம் துணியோடு சேர்ந்து துவைந்து போகும் என்பது எனக்குத் தெரியாதா? அவரை அன்றோடு மறந்துவிட்டேன்.

மூன்றாவது வேட்பாளர் ஒரு பெண், வழக்கறிஞர். தானா ராத்தாவில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார். இந்த முறை நானே கேட்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் உட்கார்ந்து, ஓர் எழுத்துக்கூடத் தவறாத மலாயில் கேள்வியைத் தயாரித்தேன். கலையும் பண்பாடும், தோட்டச் சமூகத்தின் பங்களிப்பு, அரசின் பொறுப்பு எல்லாம் அதில் இருந்தது. அவர் ஓர் எழுத்துக்கூடத் தவறாமல் பதில் சொன்னார். சமூக நாடகங்களுக்கு உதவித் திட்டம் வேண்டும் என்றார், பாரம்பரியம் என்றார், என் கேள்வி அருமையான கேள்வி என்றார். முறையான திட்ட அறிக்கை ஒன்றை மூன்று பிரதிகள் எடுத்து அனுப்பச் சொன்னார். எனக்குக் கால் தரையில் இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அக்காவுக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். வளைவுக்கு வளைவு ஒரு விஷயமாகச் சொல்லி முடிப்பதற்குள் தோட்டத்து முனை வந்துவிட்டது.

"கூர?" என்றார் அக்கா.

அதெல்லாம் வரும் என்றேன்.

அந்த வழக்கறிஞர்தான் ஜெயித்தார். யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று நான் சொல்லப்போவதில்லை. லோரிக்காரருக்கு அவர் எதிர்பார்த்ததில் பாதிகூட விழவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டேன். நான் மூன்று பிரதிகள் அனுப்பினேன். உங்கள் கடிதம் கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது என்று மரியாதையான பதில் வந்தது. அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வந்திருக்கிறது. அதைப் பைலில் கோத்து வைத்தேன்.

திருவிழாவுக்கு ஒரு மாதம் இருந்தது. அந்த வருட நாடகத்துக்குக் கதையை நான் எங்கேயும் தேடவில்லை. ஒரு தோட்டத்துப் பெண் வேட்பாளர்களிடம் கலையைக் கேட்கப் போய், முதல் காட்சியில் களை, இரண்டாம் காட்சியில் சீனி, மூன்றாம் காட்சியில் கடிதம். ஒரே வாரத்தில் எழுதிவிட்டேன். அக்கா அந்தப் பெண். பேக்டரியில் மிஷின் பார்க்கும் தம்பி மீசை ஒட்டி வேட்பாளர். ஒத்திகையில் எங்களுக்கே சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அக்காதான் ஒவ்வொரு நாளும் ஒத்திகை முடிந்ததும், கடைசிக் காட்சி எங்கே என்று கேட்பார். நாளைக்குத் தருகிறேன் என்பேன்.

இங்கே ஓர் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். கடைசிக் காட்சியை நான் ஒழுங்காக எழுதுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. முதல் இரண்டு மூன்று நாடகத்துக்கு எழுதினேன். யாரும் பார்க்காததை எழுதுவானேன் என்று பிறகு அரைப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். எல்லாரும் கூடுவார்கள், தப்புச் செய்தவன் மன்னிப்புக் கேட்பான், கும்பிடுவார்கள், திரை. எல்லா நாடகத்துக்கும் ஏறக்குறைய அதே அரைப் பக்கம். அதையும் அக்கா வெறும் புல்லைப் பார்த்துக் கண்ணில் நீர் வர நடிப்பார். எனக்கு மட்டும் அந்த நேரத்தில் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். நல்ல முடிவு எழுதுவது கஷ்டம். மழை வந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இந்த வருடம் அந்த அரைப் பக்கமும் இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் கும்பிட்டு நிற்கத் திரை என்று ஒரு வரி எழுதி மூடி வைத்துவிட்டேன்.

திருவிழா அன்று காவடிகள் முடிந்து அன்னதானத்துக்கு வரிசை நிற்கிற நேரம். காய்கறி லோரி ஒன்று தோட்டத்து ரோட்டில் முக்கிக்கொண்டு ஏறி வந்து மேடைக்குப் பக்கத்தில் நின்றது. தோற்றுப்போன லோரிக்காரர் முன்பக்கத்திலிருந்து இறங்கினார். பின்பக்கத்திலிருந்து நாலைந்து ஆட்கள் கம்பிகளையும் பெரிய பெரிய துணிச் சுருள்களையும் இறக்கினார்கள். தேர்தல் கூட்டங்களுக்குப் போட்ட கெமாக்கள், கூடாரங்கள். கட்சி எழுத்தும் சின்னமும் வெளியே தெரியாமல் துணியை உள்பக்கம் வெளியாகத் திருப்பிக் கட்டச் சொன்னார். அரை மணி நேரத்தில் நாற்காலி போட்ட இடம் முழுவதற்கும் கூரை வந்துவிட்டது.

நான் ஓடிப்போய் என்ன ஏது என்று கேட்டேன். "அந்த சீட்ட வீட்டுல துணியோட போட்டுத் தொவச்சிட்டாங்கமா," என்றார் கூச்சத்தோடு. "ஆனா ஞாபகம் இருந்துச்சு. கடைசிக் காட்சி. கெமா அடுத்த எலெக்சன் வரைக்கும் சும்மாதானே கெடக்கு." கூடவே வந்த மனைவியை அன்னதானத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். இரண்டாம் காட்சியில் வரும் சீனி வேட்பாளர் தான்தான் என்று அந்த மனிதருக்குத் தெரியாது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எழுதாத கடைசிக் காட்சிதான் ஞாபகம் வந்தது. மேடைக்குப் பின்னால் போனேன். அக்கா முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டே தட்டியின் இடுக்கு வழியாக அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. என் பக்கம் திரும்பி, கடைசிக் காட்சியைக் கொடுங்கள் என்று கையை நீட்டினார்.

நான் அந்த ஒரு வரியைச் சொன்னேன். முந்தைய வருடங்களின் அரைப் பக்கங்களைப் பற்றியும் அப்போதே சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மறைக்க முடியவில்லை.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. நீட்டிய கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"இத்தன வருஷமா நான் மழையத் திட்டிக்கிட்டு இருந்தேன்," என்றார்.

பவுடர் டப்பாவை மூடி வைத்தார். எனக்குச் செத்துப்போய்விடலாம் போல இருந்தது. கோயிலுக்குப் பின்னால் போய், திட்ட அறிக்கையின் மிச்சப் பிரதியைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுதப் பார்த்தேன். அன்னதானப் பந்தி மூன்று முறை எழுந்தது. ஒரு வரி வரவில்லை.

மூன்று மணிக்கு நாடகம் தொடங்கியது. களைக் காட்சியில் மருந்தடிக்கிறவர்கள் புது கிளவ்ஸைத் தூக்கிக் காட்டினார்கள். பின்வரிசையில் நின்ற, எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் பங்களாதேஷ் தம்பிகள், சொல் புரியாவிட்டாலும் அக்காவின் முகத்தைப் பார்த்து எங்களுக்கு முன்பே சிரித்தார்கள். சீனிக் காட்சி வந்தபோது நான் திரை ஓரத்தில் நின்று முன்வரிசையைத்தான் பார்த்தேன். லோரிக்காரர் முதலில் வாயைப் பிளந்தார், பிறகு மனைவியின் தோளில் அடித்து அடித்துச் சிரித்தார், நாற்காலியிலிருந்து சரிந்தே போனார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

மழையும் மறக்காமல் வந்தது. மூன்றாம் காட்சியில் சடசடவென்று கெமாவின்மேல் இறங்கியது. பழக்கம் யாரை விட்டது? பாதிப் பேர் எழுந்து நாற்காலியைத் தூக்கினார்கள். தூக்கியபடி மேலே பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, திரும்பவும் நாற்காலியைக் கீழே போட்டு உட்கார்ந்தார்கள்.

கடைசிக் காட்சி. எல்லாரும் மேடைக்கு வந்து கும்பிடத் தயாராக நின்றார்கள். அக்கா கும்பிடவில்லை. கூட்டத்தை ஒரு முறை கடைசி வரிசை வரைக்கும் பார்த்தார். பிறகு நான் கையில் தாளோடு நின்ற பக்கம் திரும்பினார்.

"எல்லாரையும் கேட்டாச்சு," என்றார். மழைச் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் நின்றது. "களைக்கு கிளவ்ஸ் வந்துருச்சு. சீனிக்கு கூர வந்துருச்சு. கொள்கைக்கு கடுதாசி வந்துருச்சு. இன்னும் ஒருத்தரக் கேக்கல. நாடகம் எழுதுற கிராணி, கலைக்கு நீங்க என்னா செஞ்சீங்க?"

கலை என்பதில் அந்த லகரம் அவ்வளவு சுத்தமாக விழுந்தது.

இதுவும் நாடகம் என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. மீசைத் தம்பி என்னைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துவிட்டான். பதினோரு வருடம் எழுதியிருக்கிறேன், ஒருநாளும் நான் அங்கே ஏறி நின்றதில்லை. பொய் ஏதாவது சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"அரைப் பக்கம் எழுதினேன்," என்றேன்.

கூட்டம் இன்னும் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"ஏன்?"

"மழ வந்துரும்னு."

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"யாராச்சும் எந்திரிச்சிப் போனாங்களா? பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். இத்தனை வருடம் அக்கா அங்கே நின்று பார்த்தது ஓடுகிற முதுகுகளைத்தான். எனக்குத் தெரிந்தது வரிசை வரிசையாக முகங்கள். மடியில் தூங்கிப்போன பிள்ளைகள், கையில் பாயசக் கிண்ணம், முன்னால் லோரிக்காரர், பின்னால் பங்களாதேஷ் தம்பிகள். ஒரு நாற்காலி காலியில்லை.

"இல்ல," என்றேன்.

"அப்ப உக்காந்து எழுது," என்றார் அக்கா. நீங்க போய் நீ வந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக் கும்பிட்டார். திரை.

மழை நிற்காததால் யாரும் உடனே வீட்டுக்குப் போக முடியவில்லை. அதனால் எல்லாரும் மேடைக்குப் பின்னால் வந்தார்கள். அக்காவைச் சூழ்ந்துகொண்டு நல்லா இருந்துச்சு, ரொம்ப நல்லா இருந்துச்சு என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நாலு பேர் என்று அவர் கேட்டிருந்தார். நாற்பது பேராவது இருக்கும். ரதம் கிளம்ப நேரமாகிறது என்று கத்த வந்த கோயில் தலைவரும் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் தள்ளி நின்று பார்த்தேன். அன்றைக்கு எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அந்தக் காட்சியை அவர் எழுதியிருந்தார்.

அக்கா இப்போது ஈப்போவில் இருக்கிறார். மூட்டு வலி குறைந்திருக்கிறதாம். திருவிழாவுக்கு பஸ் பிடித்து வந்துவிடுவேன், வேஷத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே என்று போனில் சொல்லியிருக்கிறார். லோரிக்காரரும் கெமாவுக்குச் சரி என்றுவிட்டார். இந்த முறை நாடகத்தை நான் பின்னாலிருந்து தொடங்கினேன். கடைசிக் காட்சி ஒன்பது பக்கம் வந்திருக்கிறது. முதல் மூன்று காட்சிகளை இனிமேல்தான் எழுத வேண்டும்.